உள்ளூரை மட்டும் நிறுக்கும் தராசு

2023 ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு, ஓடைக்கரைப்புதூர் மண்வளச் சந்தையில் பதினெட்டுக் கடைகள் விரிந்துகொண்டிருந்தபோது, ஏழாம் எண் கடைக்காரி சகாயமேரி தராசில் ஏற்றிய பதினொரு கிலோ அரைக்கீரை பதினொரு கிலோவாகவே நின்றது. அவளுக்குப் பின்னால் வந்தவர் இறக்கிய ஒரு மூட்டை ஊட்டிக் கேரட், முள் அசையாமல், எடையே இல்லாமல் கிடந்தது.

கேரட்டுக்காரர் மூட்டையைத் தோளில் தூக்கிப் பார்த்தார், கனத்தது. மேடையில் வைத்தார், கனக்கவில்லை. அந்தத் தராசு, மூடிப்போன பஞ்சாலையிலிருந்து சந்தைக் குழு அந்த வாரம்தான் கொண்டுவந்தது, இரண்டு ஆள் ஏறி நிற்கலாம் என்கிற அளவுக்கு அகலமான இரும்பு மேடை, நாற்பது வருடம் பஞ்சுப் பொதியைத் தவிர வேறெதையும் பார்க்காதது. கேரட்டுக்கு அடுத்து வந்த நிலக்கடலை நின்றது. கொள்ளு நின்றது. எட்டாம் எண் கடை பாவாத்தாளின் நெய்ச் சட்டிகள் நின்றன. டீக்கடைக்காரர் கொண்டுவந்த தேயிலைத் தூள் நிற்கவில்லை, சர்க்கரை நிற்கவில்லை, பால் நின்றது.

சந்தைக்கு ஒரு விதி இருந்தது. மாரியம்மன் கோயில் கம்பத்தை மையமாக வைத்து, இருபது கிலோமீட்டருக்குள் விளைந்ததைத்தான் விற்கலாம். ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார் அங்கமுத்து பள்ளிக்கூடத்து மரக் காம்பஸால் வரைபடத்தில் வட்டம் போட்டு, கண்ணாடி மாட்டி, நுழைவாயிலில் தொங்கவிட்டிருந்தார். நான்கு வருடமாக எல்லோரும் அதைக் கும்பிடாத குறையாகக் கடந்துபோய், மூட்டைக்கு அடியில் மண்டித் தக்காளியை வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம சட்டத்தைப் படிச்சுப்போட்டுத்தானுங்க வந்திருக்குது இந்தத் தராசு" என்றார் அங்கமுத்து. யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அன்றே குழுத் தலைவர் சென்னியப்பன் ஒலிபெருக்கியில் பேசினார். தென்னந்தோப்புக்காரர், நெஞ்சில் இரண்டு அடைப்பு வந்தபிறகு இயற்கை உணவுக்குத் திரும்பியவர், திரும்பிய வேகத்தில் ஊரையும் திருப்பியவர். இனி வரும் பொருளெல்லாம் முதலில் மேடை ஏறும், நின்றால் உள்ளே, நிற்காவிட்டால் வெளியே என்றார். ஊர் கை தட்டியது. அடுத்த ஞாயிறு பக்கத்து ஊர்களிலிருந்து ஜனம் வேன் பிடித்து வந்தது, தராசைப் பார்க்க அல்ல, தங்கள் ஊர்ச் சந்தைக்கும் இப்படி ஒன்று எங்கே கிடைக்கும் என்று கேட்க.

மாசியில் உப்பு மாட்டியது. சிறுதானியச் சமையல் போட்டிக்கு அண்டாவில் கொதித்த சாம்பாரைக் கிளறியபோது யாரோ உப்பை நிறுத்துப் பார்க்க, முள் தூங்கியது. கடல் இருபது கிலோமீட்டரில் இல்லை. குழு கூடி, சந்தைக்குள் சமைக்கும் எதிலும் உப்பு கூடாது என்று தீர்மானம் போட்டது. ஐந்து ஞாயிறு ஜனம் உப்பில்லாத வரகுச் சோற்றை உப்பில்லாத குழம்பில் பிசைந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தின்றது. மடியில் முடிந்துவந்த கல்லுப்பை வாய்க்குள் போட்டுக்கொண்டு, மண்ணின் சுவை என்று நிருபர்களிடம் சொன்னது.

சகாயமேரி சிரித்துவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

அவள் தருவைக்குளத்துக்காரி, உப்பளத்தில் பாத்தி மிதித்தவர்களின் மகள். பத்தொன்பது வயதில் பஞ்சாலை வேலைக்கு வந்தாள், கல்யாணம் கட்டினாள், புருஷனைப் பஞ்சுத் தூசிக்குக் கொடுத்தாள், ஆலை மூடியபின் ஓடைக்கு அக்கரையில் சென்னியப்பனின் அரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து, அதிலேயே தகரக் கூரை வீடு போட்டுக் கீரை போட்டாள். இந்த ஊருக்கு வந்து இருபத்தேழு வருடம். ஞாயிறு பத்து மணிக்குச் சந்தையில் தன் கடைப் புங்கமரத்தடியில் அவள் எடுக்கும் குப்பை வகுப்புக்குத் திருப்பூரிலிருந்துகூட ஆள் வரும். கையுறை போட்டு வருபவர்களைக் கழற்றச் சொல்வாள். "முழங்கை வரைக்கும் விடுங்க. காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி சுட்டா, உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம். சுடலைன்னா அது வெறும் குப்பை, நீங்களும் நானும் வச்சிருக்கிற மனசு மாதிரி."

அந்தப் புங்கமரத்து நிழல் பாவாத்தாளின் கண்ணை உறுத்தி வெகுநாளாயிற்று. அவள் நெய் வெயிலில் உருகியது. கீரைக்காரி நிழலில் நின்றாள்.

"உப்புக்காரிக்குச் சிரிப்பு வருதாமா" என்றாள் பாவாத்தாள், ஊர் கேட்கும்படி. "உப்பு வந்த ஊர்லருந்துதானே இவளும் வந்தா? இவளை ஏத்திப் பாருங்க."

அதுவரை யாருக்கும் அந்த யோசனை வரவில்லை. வந்தபிறகு யாருக்கும் போகவில்லை. சென்னியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு பேச்சுக்குத்தான், மேரி, ஏறு" என்றார். சகாயமேரி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். ஐம்பத்தாறு கிலோ பொம்பளை இரும்பு மேடையில் நின்றாள். முள் அவளைப் பார்க்கவே இல்லை.

"கீரை நிக்குது, ஆளு நிக்கலை" என்று அங்கமுத்து நோட்டில் எழுதினார்.

அன்றைய கூட்டத்திலேயே முடிவாயிற்று. நிற்காதவருக்குச் சந்தையில் கடை கிடையாது. சந்தையில் கடை இல்லாதவளுக்குத் தோட்டம் எதற்கு, ஆகவே குத்தகையும் ஆடிப் பதினெட்டோடு முடியும். வீடு தோட்டத்தில் இருப்பதால் வீடும் முடியும்.

சகாயமேரி கெஞ்சவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே கவலை. மகள் ஜெனிட்டாவைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருந்தாள், மாப்பிள்ளை கட்டிங் மாஸ்டர். அந்த மாசியில்தான் ஜெனிட்டா போன் போட்டு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்றாள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில். ஏழாம் மாதம் வளையல் அடுக்கி அழைத்துவர வேண்டும். அழைத்துவர ஒரு வீடு வேண்டும்.

"இல்லைன்னா இங்கயே பெத்துக்கிறேம்மா" என்றாள் ஜெனிட்டா.

"உங்க மாமியா வாயில விழுறதுக்கா? தலைப்பிள்ளைக்கு நாதியத்தவன்னு பேரு எடுக்கணுமா நான்? வீடு இருக்கும். நீ வா."

இதற்கிடையில் அவள் வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தாள். தராசு நிராகரித்த ஊட்டிக் கேரட்டையும் ஆரஞ்சுத் தோலையும் பொறுக்கிக்கொண்டுபோய்த் தன் குழியில் போட்டிருந்தாள். எழுபதாம் நாள், பங்குனியில், மக்கிய அந்த உரத்தைக் கூடையில் அள்ளிவந்து மேடையில் வைத்தாள். பதினான்கு கிலோ, கிண்ணென்று நின்றது.

"பாத்துக்கங்க. எங்கேயோ விளைஞ்சதுதான். இங்க மக்குனதும் நிக்குது."

பாவாத்தாள் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "அப்ப சரி. நீயும் இங்க மக்கிப்போ, நிப்பே. செத்தப்புறம் நீ இந்த ஊருக்காரிதான், யாரு வேண்டாங்கறா?"

ஏப்ரல் 16, ஞாயிறு, மண்ணின் எடைத் திருவிழா. ஓலைத் தோரணம், கம்பங்கூழ், விதைப்பந்து உருட்டும் பயிற்சி, துணிப்பை தைக்கும் போட்டி, அதன்பின் நிகழ்ச்சியின் சிகரமாக ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக மேடையேறி எடை அட்டை வாங்குவது என்று நோட்டீசில் போட்டிருந்தது. முதல் அட்டை தலைவருக்கு. சென்னியப்பன் ஆவாரம்பூ மாலையோடு, நாயனம் ஊத, ஏறி நின்றார்.

முள் அசையவில்லை.

மாலையைக் கழற்றி மாலையை மட்டும் வைத்தார்கள். நூறு கிராம் நின்றது. மாலையில்லாமல் அவரை வைத்தார்கள், ஒன்றும் இல்லை. நாயனக்காரர் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஊதிக்கொண்டே இருந்தார்.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து அவருடைய தம்பி பொங்கியண்ணன் வந்தான். குழுவில் சேர்க்கப்படாதவன், வாய் அடங்காதவன் என்று. ஏறினான். எழுபத்தெட்டு கிலோ.

"எங்கண்ணன் அம்மிச்சி ஊட்டுல பொறந்தவனுங்க" என்றான் பொங்கியண்ணன், ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்காமலே. "தலைச்சன் எங்க பொறப்பான்? அம்மாளைப் பெத்தவங்க ஊட்டுல. தாராபுரத்துக்கு அங்கிட்டு, நாப்பத்திமூணு கிலோமீட்டரு. நாந்தான் இங்க பொறந்தேன், மாட்டுச்சாளைக்குப் பக்கத்துல, வைத்தியச்சி வர்றதுக்குள்ள."

வட்டம் போட்ட அங்கமுத்து கண்ணை மூடிக்கொண்டார். அவரும் தலைச்சன். சொத்து, முதல் மரியாதை, கோயில் பரிவட்டம், கொள்ளி வைக்கும் உரிமை, எல்லாவற்றையும் மூத்தவனுக்குக் கொடுத்த ஊர், அந்த மூத்தவனைப் பெற்றெடுக்க மட்டும் பெண்ணை வண்டியேற்றி வெளியூருக்கு அனுப்பிக்கொண்டே இருந்ததையும், அப்படிப் போன வண்டிகள் எல்லாம் வட்டத்துக்கு வெளியே போய் நின்றதையும், நூறு வருடத்தில் யாரும் யோசித்ததில்லை. அன்று மாலைக்குள் ஊரின் மூத்த மகன்கள் முக்கால்வாசிப் பேர் எடையில்லாதவர்கள் ஆனார்கள். வாழ வந்த பெண்கள் ஒருவரும் நின்றிருக்க மாட்டார்கள். அதை யாரும் கவனிக்கவில்லை, அவர்களை ஏற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றாததால். பாவாத்தாள் தானாக ஏறினாள், காங்கேயத்துப் பெண், இறங்கினாள், தராசுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றாள்.

"விதை நம்ம ஊரு விதைதானுங்களே" என்று சென்னியப்பன் மறுவாரம் கூட்டத்தில் வாதாடினார். "அப்பன் இந்த மண்ணு. விளைஞ்ச இடம் வேறயா இருந்தா என்னங்க?"

கடைசி வரிசையில் நின்ற சகாயமேரி சொன்னாள்: "அதைக் கேரட்டுக்காரர்கிட்டச் சொல்லுங்க. அவரும் விதையை நம்ம ஊர்க் கடையிலதான் வாங்கினாராம்."

இப்படித்தான் ஊர் அந்தத் தராசோடு குடித்தனம் நடத்தப் பழகியது. பெண் பார்க்க வந்தவர்கள், பையன் என்ன படித்திருக்கிறான் என்பதற்கு முன், பையன் நிற்பானா என்று கேட்டார்கள். இளையவன்கள் மீசையை முறுக்கிக்கொண்டு முன்வரிசை நாற்காலிக்கு வந்தார்கள். பொங்கியண்ணன் தோப்பில் பாதிக்கு மேல் கேட்டு, வேலியைப் பிடுங்கிப் போட்டான். மூத்தவன்கள் ஓடைக்குப் போய்க் கூழாங்கல் பொறுக்கினார்கள். உள்ளூர் ஓடை, உள்ளூர்க் கல், உள்ளூர் எடை. தையற்காரர் பன்னிரண்டு பை வைத்த பனியன் தைத்துக் கொடுத்தார். அதில் கல்லை நிரப்பி, மேலே சட்டை மாட்டி, மேடையேறி, நாற்பது கிலோ, ஐம்பது கிலோ என்று நின்றார்கள். முட்டி தேய்ந்தது. நடக்கும்போது கலகலவென்று சத்தம் வந்தது. வைகாசிக்குள் அந்தச் சத்தமே மரியாதை ஆயிற்று. சத்தம் வந்தால் ஜனம் எழுந்து நின்றது.

கடைகளைக் காப்பாற்ற வேறொரு தீர்மானம் போட்டார்கள். நிற்காதவர் வீட்டில் நிற்கிற ஆள் யாராவது இருந்தால், வயது எதுவானாலும், அந்த ஆள் பெயரில் கடை தொடரலாம். சென்னியப்பன் பெங்களூரில் இருக்கும் தன் இரண்டாவது மகன் பெயரில் தலைவராகத் தொடர்ந்தார். பாவாத்தாள் ஒன்பது வயது இளைய மகள் பெயரில் நெய் விற்றாள்.

சகாயமேரிக்கு வீட்டில் நிற்கிறவர் யாரும் இல்லை. ஜெனிட்டா ஒரே பிள்ளை, தலைப்பிள்ளை. அவளும் முறைப்படி தருவைக்குளத்தில்தான் பிறந்தாள். கல் பொறுக்கலாம் என்று அவள் ஓடைக்கு இறங்கியபோது, ஓடைக்கல் பட்டாதாரர்களுக்கு மட்டும் என்று குழு பலகை நட்டுவிட்டிருந்தது.

ஆடிப் பதினெட்டு வந்தது. மேற்கே மழை, ஓடையில் இடுப்பளவு செந்தண்ணீர். வீட்டைக் காலி செய்விக்கக் குழு கிளம்பியது. முன்னால் சென்னியப்பன், பன்னிரண்டு பையிலும் கல்லோடு, கலகலவென்று. அக்கரையில் சகாயமேரி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். இக்கரையில் ஊர் நின்றது, இளையவன்கள் எல்லாம் நின்றார்கள், பொங்கியண்ணன் வரப்பில் குத்தவைத்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

ஓடையின் நடுவில் சென்னியப்பனின் கால் சேற்றில் இறங்கியது. முட்டிவரை இறங்கி நின்றது. முன்னால் போகவும் முடியவில்லை, பின்னால் வரவும் முடியவில்லை.

"மேரி! கையக் குடு!"

"கல்லைக் கழட்டுங்க, ஏறிடலாம்."

அவர் திரும்பிப் பார்த்தார். கரை முழுக்க ஊர்.

"ஏனுங்ணா, கழட்டுங்க" என்று பொங்கியண்ணன் வெற்றிலைச் சாறைத் துப்பிவிட்டுக் கத்தினான். "எத்தனை இருக்குதுன்னு நாங்க எண்ணிக்கறோம்."

சென்னியப்பன் கழற்றவில்லை. மூன்று மணி நேரம், தண்ணீர் வடியும்வரை, மார்பளவு செந்தண்ணீரில் தலைவராகவே நின்றார். சகாயமேரியும் மண்வெட்டியை ஊன்றியபடி மூன்று மணி நேரம் நின்றாள். கை கொடுக்கவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. தண்ணீர் இறங்கியதும் நாலு பேர் அவரை ஏணியில் படுக்கவைத்துத் தூக்கிப் போனார்கள். ஒரு வாரம் காய்ச்சல். எட்டாம் நாள் அங்கமுத்து ஒரு கடிதம் கொண்டுவந்தார்: கெடு கார்த்திகை முதல் ஞாயிறு வரை நீட்டிக்கப்படுகிறது, அதற்கு மேல் நீட்டிக்கப்படாது.

ஆவணியில் ஜெனிட்டா வளையலோடு வந்தாள். தகரக் கூரைக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். சகாயமேரி அவளிடம் எதையும் சொல்லவில்லை, ஊர் சொல்லிவிட்டது.

"அப்ப எம்பிள்ளை இங்க பொறந்தா நிக்கும், அது பேர்ல கடையும் வீடும் நிக்கும், இல்லையாம்மா?"

"பிள்ளை நல்லபடியா வரட்டும். நிக்கிறதும் நிக்காததும் அப்புறம்."

ஆனால் அவள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சிடம் தினமும் போய்வந்தாள். இங்கேயே பார்த்துவிடலாம்தானே, இங்கேயேதானே என்று.

அக்டோபர் 12, வியாழக்கிழமை, பகல் பதினொன்றரைக்கு வலி எடுத்தது. நர்ஸ் கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள், மறுபடி பார்த்தாள். "அக்கா, ரொம்ப ஏறியிருக்குது. இங்க வச்சுக்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

பெரிய ஆஸ்பத்திரி முப்பத்தொரு கிலோமீட்டர். வட்டத்துக்கு வெளியே.

அந்த வாசலில் சகாயமேரி எவ்வளவு நேரம் நின்றாள் என்று பின்னாளில் பலர் பலவிதமாகச் சொன்னார்கள். நர்ஸ் சொன்னது: நிற்கவே இல்லை, மகளின் இடுப்பைப் பிடித்து ஆம்புலன்சில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள், ஏறும்போது ஒருமுறை மட்டும் கோயில் கம்பம் இருக்கும் திசையைப் பார்த்துக் காறித் துப்பினாள்.

வண்டி போயிற்று. சகாயமேரி ஒரு கையால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலில் கிலோமீட்டர் கல்லைப் பார்த்தாள். பதினொன்று. பதினான்கு. பதினாறு. ஜெனிட்டா அலறினாள். பதினெட்டாம் கல்லுக்கு மேல் சகாயமேரி கல்லைப் பார்க்கவில்லை. வண்டியோடு வந்த மருத்துவ உதவிப் பெண் ஓரமாக நிறுத்தச் சொன்னாள். இரண்டு பக்கமும் சோளக்காடு. அங்கே, ஒன்று பத்துக்கு, பெண் குழந்தை பிறந்தது. வண்டி மறுபடி கிளம்பி ஆஸ்பத்திரி போயிற்று. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

செய்தி அவர்களுக்கு முன்னால் ஊர் வந்துவிட்டது. ஓட்டுநரைப் பிடித்து விசாரித்தார்கள். "பத்தொம்பதா இருபத்திரண்டா, நானெங்க பாத்தேன்? உயிரைப் பாத்தனா, கல்லைப் பாத்தனா?" என்றார் அவர். அங்கமுத்து நுழைவாயில் வரைபடத்தைக் கழற்றி ஸ்கேல் வைத்தார்; வட்டம் நேர்கோட்டுக் கணக்கு, சாலை வளைந்து போவது, எல்லாச் சோளக்காடும் ஒன்று போல் இருப்பது. வட்டத்தின் கோடு பேனா மையால் போட்டது, அதன் தடிமனே முக்கால் கிலோமீட்டர் வந்தது. குழந்தை அந்த மைக்குள் பிறந்திருந்தது.

"வெளியேதான்" என்றாள் பாவாத்தாள். "வெளியூருக்குன்னே வண்டி ஏறுனவ. உள்ளே எதுக்குப் பெறப்போறா?" கார்த்திகை முதல் ஞாயிறுக்காக அவள் புங்கமரத்தடியைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, தன் பலகைக்கு அளவும் எடுத்துவைத்தாள். சென்னியப்பன் ஆள் சொல்லித் தகரம் பிரிக்க ஏற்பாடு செய்தார். அவருடைய மூத்த பேரன், கரூரில் பிறந்தவன், அரைஞாண் கயிற்றில் ஓடைக்கல் ஒன்று தொங்க, தோப்பில் தவழ்ந்துகொண்டிருந்தான்.

2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்துக்கு, ஓடைக்கரைப்புதூர் மண்வளச் சந்தையில், சகாயமேரி தன் மகள் வயிற்றுப் பேத்தியைத் துணியில்லாமல் இரும்பு மேடையில் கிடத்தினாள். நான்கு கிலோ நூறு கிராம்.